கோடரி காணாத வனம்

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், நியூயார்க் மாநகரத்தை விட்டுத் தென்மேற்காகப் புறப்பட்டு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் சரக்குக் கிடங்குகளையும் முடிவின்றி வரிசையிட்டு நிற்கும் புறநகர் வீடுகளையும் கடந்து செல்வோமானால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான மோட்டார்ப் பிரயாணத்தில், நியூஜெர்சி மாகாணத்தின் சாமர்செட் ஜில்லாவைச் சேர்ந்த கிழக்கு மில்ஸ்டோன் என்னும் சிற்றூரை அடையலாம். 1834-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, ஒரு காலத்தில் பென்சில்வேனியா நிலக்கரியை நியூயார்க்குக்குச் சுமந்து சென்ற பழைய கால்வாய் ஒன்று அவ்வூரின் ஓரமாகப் போகிறது. ஊரையடுத்துச் செந்நிறக் களிப்பாறையின் மேல், சுமார் 65 ஏக்கர் பரப்பில், ஓர் ஓக் வனம் நிற்கிறது. பரப்பை மாத்திரம் கேட்டால் நம் நாட்டு நடுத்தரமான ஓர் ஏரிக்குக்கூட ஈடாகாது. ஆயினும், அட்லாண்டிக் கரையோரத்து மத்திய மாகாணங்களில், மேட்டு நிலத்தில், ஒருபோதும் வெட்டப்படாமல் எஞ்சிய காடுகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. அவற்றுள் இது ஒன்று என்ற ஒரே காரணத்தால், இந்தச் சின்னஞ்சிறு வனத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள், இதைப் போல் நூறு மடங்கு பெரிய காடுகளைப் பற்றியும் எழுதப்படவில்லை என்று சொல்லும்படியாக இருக்கின்றன.

ஒரு காடு வெட்டப்படாமல் தப்புவது அப்பிரதேசத்தில் எத்தனை அபூர்வம் என்பதை முதலில் உணர வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வந்து குடியேறிய நாள் முதலாக, வயலுக்கு இடம் வேண்டுமென்றும், கப்பலுக்கும் வீட்டுக்கும் உத்தரம் வேண்டுமென்றும், வேலிக்குக் கழி வேண்டுமென்றும், இரும்பு உருக்கும் உலைகளுக்குக் கரி வேண்டுமென்றும், கடுங்குளிர் காலத்தில் அடுப்புக்கு விறகு வேண்டுமென்றும் ஆளுக்கொரு காரணம் சொல்லி மரங்களைச் சாய்த்துக்கொண்டே போனார்கள். இக்காடு மாத்திரம் தப்பியதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. 1701-ஆம் ஆண்டில் டச்சு வமிசத்தைச் சேர்ந்த ஒரு குடியானவர் இந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். அவருடைய சந்ததியாரிடமே அது கைமாறிக் கைமாறி வந்தது. சுற்றியிருந்த நிலங்களையெல்லாம் உழுது பயிரிட்ட அக்குடும்பத்தார், இந்தத் துண்டை மாத்திரம் தலைமுறை தலைமுறையாகக் காடாகவே விட்டு வைத்தார்கள். கடைசியாக அதை வைத்திருந்த மெட்லர் குடும்பத்தின் பெயரால் அக்கம்பக்கத்தார் அதை மெட்லர் காடு என்றே வழங்கி வந்தார்கள்.

1950-க்குப் பிறகு அக்குடும்பத்திலிருந்து காடு வெளியே போக வேண்டிய நிலைமை உண்டாயிற்று. மரத்தின் விலையை அறிந்தவர்கள் அதன்மேல் கண் வைத்திருந்த அந்தச் சமயத்தில், ரட்கர்ஸ் சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரிகளும் வனத்தில் பற்றுள்ள வேறு பலரும் சேர்ந்து பொருள் திரட்டத் தொடங்கினார்கள். ‘லைஃப்’ பத்திரிகை 1954-ல் இக்காட்டைப் படங்களோடு வெளியிட்டு நாடறியச் செய்தது. ஆயினும் வேண்டிய தொகையின் பெரும் பகுதியைக் கொடுத்து வனத்தைக் காப்பாற்றியவர்கள், வாசகர்கள் சற்றும் எதிர்பார்க்கக்கூடாத ஒரு கூட்டத்தார்: அமெரிக்கத் தச்சர்களின் தேசியத் தொழிற்சங்கத்தார்! வாழ்நாளெல்லாம் மரத்தை அறுத்தும் இழைத்தும் ஜீவனம் செய்கிறவர்கள், ஒரு மரத்தையும் அறுக்கலாகாது என்ற நிபந்தனையின்மேல் ஒரு காட்டை வாங்கித் தானம் செய்தார்கள். 1915 முதல் 1952 வரை அச்சங்கத்தின் தலைவராயிருந்து, மறு ஆண்டில் காலமான வில்லியம் ஹட்சிசனின் ஞாபகார்த்தமாக அது செய்யப்பட்டது. 1935-ல் அதே நியூஜெர்சியின் அட்லாண்டிக் நகரத்தில் நடந்த தொழிலாளர் மகாநாட்டில், சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் லூயிஸின் கைக்குத்தை முகத்தில் வாங்கியவர் என்று அமெரிக்கத் தொழிலாளர் சரித்திரத்தில் இடம் பெற்ற மனிதர் இந்த ஹட்சிசன். அத்தகைய முரட்டு அரசியலில் அடிபட்ட ஒரு பெயர், அமைதியான ஒரு வனத்துக்கு நாமகரணமாயிற்று. 1955-ல் வனம் ரட்கர்ஸ் சர்வகலாசாலையின் உடைமையாகி, ஹட்சிசன் நினைவு வனம் என்ற பெயரைப் பெற்றது.

காட்டைப் பெற்றுக்கொண்டவர்கள் அதை எப்படிப் பரிபாலிப்பது என்று யோசித்தபோது, அக்காலத்துத் தாவர சாஸ்திரம் அவர்களுக்குத் தெளிவான ஒரு விடையைத் தந்தது. ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் என்னும் அமெரிக்க சாஸ்திரி 1916-ல் வெளியிட்ட பெருநூலில், ஒரு பிரதேசத்தின் தாவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிலைகளைக் கடந்து, இறுதியில் அந்நாட்டின் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற ஒரு முடிந்த நிலையை அடைகின்றன என்றும், அந்த நிலையை அடைந்த காடு, புறத்திலிருந்து இடையூறு நேராத வரையில், தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு என்றென்றும் அவ்வண்ணமே நிலைபெறும் என்றும் போதித்திருந்தார். மெட்லர் காடு அவ்வாறு முடிநிலை எய்திய காட்டுக்கு உத்தமமான உதாரணம் என்று எல்லாரும் கருதினார்கள். ஆகவே காவலர்களுக்கு விதித்த விதியும் எளிதாகவே இருந்தது: ஒன்றும் செய்யாதே. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்கட்டும். நடுவதும் வேண்டாம், களைவதும் வேண்டாம், மருந்து தெளிப்பதும் வேண்டாம். சும்மா இருத்தல் எத்தனை அரிய சாதனை என்பதை நம் நாட்டுச் சித்தர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு காட்டின் விஷயத்திலும் அது அத்தனை அரிதாகவே இருக்கும் என்பதை ரட்கர்ஸ் சாஸ்திரிகள் பின்னால் அறிந்துகொண்டார்கள்.

இந்த முடிநிலைத் தத்துவத்துக்கு மறுப்பாக அமைந்த சாட்சியம், வேடிக்கை என்னவென்றால், காடு கைக்கு வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கக் கீழ்க்கரையைத் தாக்கிய பெரும் புயலில், இவ்வனத்தின் முதிய வெள்ளை ஓக் மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ரட்கர்ஸைச் சேர்ந்த மர்ரே ப்யூயெல், அவருடைய மனைவி ஹெலன் ப்யூயெல், ஜான் ஸ்மால் ஆகிய மூவரும் அம்மரத்தின் அடிப்பாகத்தைக் குறுக்கே அறுத்து, அதன் ஆண்டு வளையங்களைப் படித்து, தாங்கள் கண்டதை 1954-ல் பிரசுரித்தார்கள்.

அறுத்த கட்டையைப் படிப்பது எவ்வாறு என்பதைச் சற்று நின்று பார்ப்போம். ஓக் மரம் ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் வெறுங்கண்ணுக்கே புலனாகும் பெரிய துளைகளை உடைய கட்டையையும், கோடையில் நெருக்கமான கடினக் கட்டையையும் போட்டு ஓர் ஆண்டைப் பூர்த்தி செய்கிறது. ஆதலால் வளையத்துக்கு வளையம் எல்லை தெளிவாக இருக்கும். பட்டையை ஒட்டிய வளையம் மரம் விழுந்த 1950-ஐச் சேர்ந்தது. அங்கிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு வளையத்துக்கும் அதற்குரிய ஆண்டு கிடைத்துவிடுகிறது. இனி, காட்டின் தரையில் தீ ஓடி வரும்போது, காற்றுக்கு மறைவான பக்கத்தில், மரத்தின் அடியில் ஜுவாலை சற்று நேரம் தங்கி நிற்கும். அந்த வெப்பத்தில், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக இருந்து மரத்தைப் பெருக்கச் செய்யும் மெல்லிய வளர்படை அவ்விடத்தில் மட்டும் வெந்து போகிறது. மரமோ சாவதில்லை, காயத்தின் இரு விளிம்புகளிலிருந்தும் புதிய கட்டை உதடு மடித்தாற்போல் சுருண்டு வளர்ந்து மூட முயல்கிறது. மூடி முடிவதற்குள் மறுபடி தீ வருமானால், அதே பலவீனமான இடத்தில் அடுத்த தழும்பு விழுகிறது. இவ்வாறு அடுக்கடுக்காக விழுந்த கரிய தழும்புகளை எந்த எந்த வளையம் தொட்டு நிற்கிறது என்று பார்த்தால், தீப்பட்ட ஆண்டுகளின் ஜாபிதாவே கிடைத்துவிடும்.

மெட்லர் காட்டு ஓக் மரம் கொடுத்த ஜாபிதா, 1641-ஆம் ஆண்டில் தொடங்கி 1711-ல் முடிந்தது. அந்த எழுபது ஆண்டுகளில், சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காட்டின் தரையில் தீ ஓடியிருக்கிறது. 1711-க்குப் பின் அந்த மரத்தில் ஒரு தழும்பும் இல்லை. நிலத்தைக் குடியானவர் வாங்கிய ஆண்டு 1701 என்பதை இதனோடு பொருத்திப் பாருங்கள்: வேலியும் வயலும் வீடும் வந்த சில ஆண்டுகளுக்குள் தீ நின்றுவிட்டது.

தீயை வைத்தவர் யார்? மழை வளம் மிக்க அந்த நாட்டில் இடி விழுந்து காடு எரிவது அபூர்வம். நியூஜெர்சியின் பூர்வ குடிகளாகிய லெனாபே மக்கள், வேட்டைக்கு வழி தெளிவாகும்படியும், மான்களுக்கு இளந்தளிர் தழைக்கும்படியும், பயிரிடும் இடம் துப்புரவாகும்படியும், இலையுதிர் காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் சருகுக்குத் தீ வைக்கும் வழக்கமுடையவர்கள். 1632-ல் டெலவேர் முகத்துவாரத்தை நெருங்கிய டி வ்ரீஸ் என்னும் டச்சு மாலுமி, கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் புகை மணம் மூக்குக்குத் தெரிந்ததாக எழுதி வைத்தார். வான் டெர் டொங்க் என்ற மற்றொரு டச்சுக்காரர் 1655-ல் வெளியான நூலில் இந்தக் காடெரிக்கும் வழக்கத்தை விரிவாகவே வர்ணித்தார். இவ்வளவு சாட்சியங்களையும் ஒன்று சேர்த்தால் விளங்குவது இதுதான்: மனிதன் கை படாத வனம் என்று கொண்டாடப்பட்ட இந்த வனத்தின்மேல் கோடரி படவில்லையே தவிர, கை படாமல் இருந்ததில்லை. பல தலைமுறைகளாக ஒரு சமூகத்தார் தீயினால் திருத்தி வளர்த்த காடு அது. அச்சமூகத்தார் அங்கிருந்து துரத்தப்பட்ட பிறகு, அவர்களுடைய கைவேலையை இயற்கையின் சுயமான சிருஷ்டி என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஓக் மரத்தின் ஜீவிய முறையைக் கவனித்தால், தீ நின்றதனால் விளைந்ததென்ன என்பது புலனாகும். அணில்களும், நீலநிற ஜே பறவைகளும் பிற்காலத்துக்கென்று மண்ணில் புதைத்து, பிறகு மறந்துபோன கொட்டைகளிலிருந்தே பெரும்பாலான ஓக் கன்றுகள் முளைக்கின்றன. வெள்ளை ஓக் கொட்டை விழுந்த அதே இலையுதிர் காலத்தில் வேர் விட்டுவிடும். அக்கன்று மேலே இரண்டொரு இலைகளை மாத்திரம் காட்டிக்கொண்டு, தன் சம்பாத்தியத்தையெல்லாம் ஆணிவேரில் சேர்த்து வைக்கிறது. தீ வந்து தண்டு பொசுங்கினாலும், மண்ணுக்குள் பத்திரமாயிருக்கும் வேர்முடியிலிருந்து புதிய தளிர் கிளம்பும். பெரிய மரமானபின் தடித்த பட்டையே அதற்குக் கவசம். மேப்பிள் இதற்கு நேர்மாறானது. அதன் பட்டை மெல்லியது. இளமையில் ஒரு தீயைக்கூடத் தாங்காது. ஆனால் ஓக் கன்று வாடிப்போகும் நிழலில் அது பொறுமையாகப் பல ஆண்டுகள் காத்திருக்கும். தீ ஓடிய காலத்தில் மேப்பிள் கன்றுகள் அழிந்தன, ஓக் கன்றுகள் பிழைத்தன, மேலேயிருந்து வெயிலும் ஓரளவு இறங்கிற்று. தீ நின்றதும் நிழல் தடித்தது. மேப்பிளின் மெல்லிய சருகு ஈரத்தோடு தரையில் படிந்து விரைவில் மட்கிப் போவதால், தீ பிடிப்பதற்கு வேண்டிய உலர்ந்த சருகும் குறைந்தது. தனக்கு அனுகூலமான ஈரத்தையும் இருளையும் மேப்பிள் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முந்நூறு வயதை எட்டிய ஓக் மரங்கள் தலைக்கு மேலே கம்பீரமாக நின்றபோதிலும், அவற்றின் காலடியில் அவற்றின் வாரிசுகள் இல்லை. சிறு மரங்களாகத் தலையெடுத்தவற்றில் மேப்பிளும் ஆஷும் மிகுந்தன. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று கிளெமென்ட்ஸின் மாணவர்கள் நம்பிய காடு, தன்னைத் தானே வேறொன்றாக மாற்றிக்கொண்டிருந்தது.

தீ ஒன்றை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1900-ஐ ஒட்டிய காலத்தில் வேட்டையினால் நியூஜெர்சியில் ஏறக்குறைய இல்லாமற்போன வெள்ளைவால் மான்கள், சட்டப் பாதுகாப்பினால் பெருகின. அவற்றைக் கொன்று அளவில் வைத்திருந்த ஓநாயும் பூமாவும் அதற்குள் மறைந்துவிட்டன. புறநகர்த் தோட்டங்களில் மேய்ந்து கொழுத்த மான்கள், இவ்வனத்தில் புகுந்து எட்டிய மட்டும் தளிரைத் தின்றன. 1950-களில் தரை முழுவதையும் குடை விரித்தாற்போல் மறைத்து வந்த மே ஆப்பிள் செடியும், அதற்கு மேல் அடர்ந்திருந்த வைபர்னம் புதரும், அதற்கும் மேல் வசந்தந்தோறும் வெண்ணிறமாகப் பூத்த டாக்வுட் சிறு மரமும் காட்டின் மூன்று மாடிகளாக அமைந்திருந்தன. டாக்வுட் மரங்களைப் பூஞ்சண நோய் ஒன்று வாரிக்கொண்டு போயிற்று. மற்ற மாடிகளும் மானின் வாயில் மெலிந்தன.

காலியான இடத்தில் குடியேறியவை பெரும்பாலும் அயல்நாட்டவை. அவை வந்த விதம் ஒவ்வொன்றும் ஒரு கதை. 1860-களின் இறுதியில் மாசசூசெட்ஸில் பட்டு உற்பத்தி பற்றிய ஆசையால் ட்ரூவெலோ என்பவர் ஐரோப்பாவிலிருந்து தருவித்த அந்துப்பூச்சி, அவருடைய வீட்டை விட்டுத் தப்பி, நூறு ஆண்டுகளில் கீழ்க்கரைக் காடுகளுக்கெல்லாம் பரவி, ஓக் இலைகளை மொட்டையடித்தது. 1981-ஆம் ஆண்டில் வடகிழக்கு மாகாணங்களில் அது இலையுதிர்த்த பரப்பு ஒரு கோடி ஏக்கரைத் தாண்டிற்று. மண் பாதுகாப்புத் துறையார் உயிர்வேலிக்கு உகந்ததென்று 1930-கள் முதல் குடியானவர்களுக்குச் சிபாரிசு செய்த ஆசிய ரோஜா, வேலியைத் தாண்டிக் காட்டோரத்தில் முட்புதராயிற்று. இந்தியா, சீனா, ஜப்பான் முதலிய நாடுகளில் சாதுவாக வளரும் ஒரு சிறு புல், 1919-ல் டென்னசியில் முதன்முதலாகக் காணப்பட்டது. பீங்கான் சாமான் உடையாதிருக்கச் சுற்றிலும் திணித்த வைக்கோலாக அது வந்திருக்கலாம் என்பது பலருடைய அபிப்பிராயம். மான் அதைத் தீண்டாததால் இன்று கீழ்க்கரைக் காடுகளின் தரையை அது கம்பளமாக மூடிக்கொண்டிருக்கிறது. ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் மரகத நிற வண்டு, 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டு, 2014-ல் நியூஜெர்சிக்குள் வந்தபோது, அது முதலில் பிடிபட்ட இடம் இவ்வனம் இருக்கும் அதே சாமர்செட் ஜில்லா. ஒன்றும் செய்யாதே என்ற விதி மனிதர்களைத்தான் கட்டுப்படுத்திற்று. வண்டையும் புல்லையும் அது கட்டுப்படுத்தவில்லை.

இந்தச் சங்கடங்களினிடையே வனத்தை ஆராய்ந்தவர்கள் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. ப்யூயெல் தம்பதிகளும் ஸ்மாலும் 1958-ல் மற்றொரு வேலையைத் தொடங்கினார்கள். காட்டைச் சுற்றியிருந்த வயல்களை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டிரண்டாக, 1966 வரையில் உழவிலிருந்து நிறுத்தினார்கள். இவ்வாறு விடப்பட்ட 10 வயல்களில், வயலுக்கு 48 சதுரங்களை நிரந்தரமாகக் குறித்து, ஒவ்வொரு சதுரத்திலும் என்னென்ன செடி, எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று ஆண்டுதோறும் முழந்தாளிட்டு எண்ணி எழுதச் செய்தார்கள். தொடங்கிய மூவருடைய காலத்துக்குப் பின்னும் அவர்களுடைய மாணவர்களும், மாணவர்களின் மாணவர்களும் அந்தச் சதுரங்களையே எண்ணி வருகிறார்கள். கைவிட்ட வயல் காடாவதைப் பற்றி இவ்வளவு நீண்ட காலம், ஒரே இடத்தில், இடைவிடாமல் செய்யப்பட்ட ஆராய்ச்சி உலகத்தில் வெகு சிலவே.

அந்தக் கணக்கு சொன்னது என்ன? முதலில் ராக்வீட் என்ற களை, பிறகு பொற்கோல் பூச்செடி, பிறகு சிவப்புச் சிடார், பிறகு இலையுதிர் மரங்கள் என்று பாடப் புத்தகம் சொன்ன பொதுவான ஒழுங்கு மெய்யாகவே காணப்பட்டது. ஆனால் சதுரம் சதுரமாகப் பார்த்தபோது, ஒரு படை வெளியேறி மறு படை நுழைவது போன்ற காட்சி அங்கே இல்லை. ஒரு செடி பெருகுவதும் குன்றுவதும், வயல் கைவிடப்பட்ட ஆண்டில் மழை எப்படி, கடைசியாக என்ன பயிர் இருந்தது, அருகில் எந்த மரத்தின் விதை விழுந்தது என்ற பல தற்செயல்களால் நிர்ணயமாயிற்று. ஒவ்வொரு இனமும் தன் வழியே தான் வந்து போகிறது. சமூகம் என்று நாம் அழைப்பது அந்நேரத்துச் சேர்க்கையே என்று ஹென்றி கிளீசன் என்பவர் 1926-லேயே சொல்லியிருந்தார். அப்போது யாரும் அதை லட்சியம் செய்யவில்லை. இவ்வனத்தில் பணி செய்த ஸ்டுவர்ட் பிக்கெட் முதலிய பிற்கால சாஸ்திரிகள், இயற்கையின் சமநிலை என்ற பழைய வாக்கியத்தை விட்டு, இயற்கையின் ஓட்டம் என்று பேசத் தலைப்பட்டதற்கு இந்த 65 ஏக்கர் கொடுத்த பாடமும் ஒரு காரணம். டேனியல் பாட்கின் 1990-ல் எழுதிய புகழ்பெற்ற நூலிலும், சமநிலைத் தத்துவத்தை மறுக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இவ்வனம் ஒன்று.

அப்படியானால் மறுபடியும் தீ வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று வாசகர் கேட்கலாம். அத்தனை சுலபமில்லை. 1700-ஆம் ஆண்டின் தீ 1700-ஆம் ஆண்டின் காட்டில் எரிந்தது. இன்று தீ வைத்தால், சருகு நீங்கிய தரையில் முதலில் செழிப்பது அந்த அயல்நாட்டுப் புல்லாகவே இருக்கக்கூடும். அதற்குத் தப்பித் தளிர்க்கும் ஓக் கன்றை மான் தின்றுவிடும். சுற்றிலும் வீடுகள் இருக்க, புகையை ஊரார் பொறுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் காவலர்கள் அண்மை ஆண்டுகளில் பழைய வனத்தைச் சுற்றி உயர்ந்த வேலியிட்டு முதலில் மானை வெளியே நிறுத்தினார்கள். சும்மா இருப்பதென்ற விரதத்தை அவர்கள் அங்கே கைவிட்டார்கள் என்று சிலர் குறை கூறலாம். உண்மையில், ஓநாயைக் கொன்றதும், லெனாபே மக்களைத் துரத்தியதும், கப்பலில் புல்லைக் கொணர்ந்ததும் முன்பே நடந்துவிட்ட பிறகு, அந்த விரதத்துக்கு அர்த்தம் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதே கேள்வி.

இதனால் வனத்தை அப்படியே விட்டு வைத்தது வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. எவரும் கோடரியோ கலப்பையோ கொண்டு குறுக்கிடாத ஓர் இடம் இருந்ததனால்தான், தீயற்ற முந்நூறு ஆண்டுகள் ஓர் ஓக் காட்டை என்ன செய்யும் என்பதை அளந்து சொல்ல முடிந்தது. மற்ற இடங்களிலெல்லாம் மரம் வெட்டினதன் பலன் எது, தீ நின்றதன் பலன் எது என்று பிரித்தறிய வழியேயில்லை. 1955-ல் தச்சர்கள் கொடுத்த பணம் நிலைபேறுடைய ஒரு காட்டை வாங்கித் தரவில்லை. தவறான ஒரு தத்துவத்தைச் சோதித்து அறிவதற்கு வேண்டிய நீண்ட காலத்தை வாங்கித் தந்தது. இனிப் புராதன வனம் ஒன்றைக் காக்கப் புறப்படுகிறவர்கள், இயற்கையை இயற்கையாக விடுவோம் என்று சாசனத்தில் எழுதுவதோடு நிற்காமல், எந்தக் காலத்துக் காடு தங்களுக்கு வேண்டும், அக்காலத்தில் அங்கே எரிந்த தீ எது, மேய்ந்த விலங்கு எது, அவற்றை ஆண்ட மனிதர் யார் என்பவற்றையும் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். அவ்விசாரணையைச் செய்யாமல் சும்மா இருப்பதும் காட்டின்மேல் செய்யும் ஒரு காரியமே. அதற்கும் கணக்கு உண்டு என்பதை ஹட்சிசன் வனம் ஆண்டுக்கு ஆண்டு எண்களாலேயே எழுதிக் காட்டியிருக்கிறது.